எந்த ஃபியூஸ் எந்த விளக்குக்கு

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீடு. முகப்பில் நுழைந்து பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நடந்து பின்வாசலைத் திறந்தால் அடுத்த தெரு வந்துவிடும். ஏழு பங்காளிகளுக்குப் பொது. வளவைச் சுற்றி ஆளுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு. சாவி ஒன்று சென்னையில் இருக்கிறது, ஒன்று கோலாலம்பூரில், ஒன்று எங்கே என்று யாருக்கும் தெரியாது. நான் காரைக்குடியில் முப்பது வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறவன். இந்த மாதிரி வீடுகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு தப்புச் செய்தேன். பூட்டிக் கிடந்த ஓர் அறைக்கு மேலே தேக்குப் பட்டையில் ஒரு பழைய வயர் ஓடியது. மேலுறை கருகியிருந்தது. ராத்திரியில் பொறி பறக்கிறது என்று வாட்ச்மேன் சொன்னார். அறையில் ஆள் இல்லை, விளக்கும் எரியவில்லை. கெட்டுப்போன வயர்தானே என்று நறுக்கிவிட்டேன். மறுநாள் காலையில் இரண்டாங்கட்டில் குடியிருந்த ஆச்சி கூப்பிட்டார்கள். அவர்களுடைய ஃபிரிட்ஜ் ராத்திரி முழுக்க ஓடவில்லை. உள்ளே இன்சுலின் இருந்தது. கருகிப் பொறி பறந்த அதே வயரில்தான் ஃபிரிட்ஜுக்கும் கரண்ட் போயிருக்கிறது.

"கெட்டுப்போச்சுன்னா வேலை செய்யலைன்னு அர்த்தமாப்பா?" என்று கேட்டார்கள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் எந்தப் பழைய வீட்டிலும் ஒரு பொழுது முழுக்க எதையும் தொடமாட்டேன். மெயின் போர்டுக்கு முன்னால் நான் நிற்பேன், பையன் வீட்டுக்குள் நிற்பான். பீங்கான் ஃபியூஸ் கட்டையை ஒவ்வொன்றாக உருவி, "எது போச்சு?" என்று கத்துவேன். "வளவுல ரெண்டு ஃபேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். சாக்பீஸால் குறித்துக்கொள்வேன். எல்லாம் குறித்து முடித்த பிறகுதான் கட்டிங் பிளேயரை எடுப்பது.

இதையெல்லாம் இங்கே சொல்வதற்குக் காரணம் என் தங்கச்சி மகள். போன வருஷம் அவளுக்குச் சென்னையில் மூளையில் ஆபரேஷன் நடந்தது, வலிப்புக்காக. ஆபரேஷன் நடந்தது ஒரு நாள். அதற்கு முன்னால் அவள் மூளையில் எந்த ஃபியூஸ் எந்த விளக்குக்கு என்று பார்த்ததற்கு ஏழு மாதம் ஆனது. ஆபரேஷன் எப்படிப் போச்சு என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ஏழு மாதத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

முதல் வலிப்பு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. மாப்பிள்ளை ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர், வீட்டோடு ஒட்டிய பின்கட்டில்தான் குடியிருப்பு. விடிகாலை நாலு மணிக்குத் தூக்கத்தில் வந்தது. வலது கை முறுக்கிக்கொண்டது, முகம் வலது பக்கம் திரும்பியது, கண் திறந்திருக்கிறது, பேச்சு இல்லை. அவளுடைய அப்பத்தா ஓடிப்போய் அந்தப் பெரிய வீட்டின் தலைவாசல் சாவியை எடுத்துவந்து கையில் திணித்தார். ஒரு சாண் நீள இரும்புச் சாவி. முறுக்கிய விரல்கள் அதை இறுகப் பிடித்துக்கொண்டன. ஒரு நிமிஷத்தில் வலிப்பு தானாக நின்றது. சாவியால்தான் நின்றது என்று அப்பத்தா சாகும்வரைக்கும் நம்பினார். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் தானாகவே நிற்கும், அந்த நேரத்தில் கையில் எது இருந்தாலும் பேர் அதற்குப் போய்விடும். (செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மணியைப் பாருங்கள், ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி.)

பத்து வருஷம் மாத்திரை. கார்பமசிபைன், வால்ப்ராயேட், லெவிடிரசிடம், குளோபசாம். ஒன்றைக் கூட்டுவது, ஒன்றைக் குறைப்பது, ஒன்றை மாற்றுவது. சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்தை முறையாகக் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சர்வதேச வலிப்பு எதிர்ப்புச் சங்கம் 2010-லேயே வரையறுத்துவிட்டது. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்தக் கணக்கில் வருகிறார். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. பத்து வயதில் ஒரு ஊரில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் "நார்மல்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒன்பது வருஷத்தைக் கழித்தோம். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கோயிலைச் சொன்னார்கள். நாங்களும் போனோம்.

பத்தொன்பது வயதில் ஒரு வரன் வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று வீட்டில் இரண்டு நாள் சண்டை. 1955-ஆம் வருஷ இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாகவே எழுதப்பட்டிருந்தது, 1999-இல்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். சட்டத்திலிருந்து போய் இத்தனை வருஷம் ஆகியும் எங்கள் பக்கத்துத் திண்ணைகளிலிருந்து போகவில்லை. பெண்ணே தீர்த்துவைத்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் காபித் தட்டை வைத்துவிட்டு, "எனக்கு மாசத்துல நாலஞ்சு தடவ ராத்திரி வலிப்பு வரும்" என்றாள். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன வாரமே, "எனக்குக் கல்யாணம் வேண்டாம் மாமா, இது என்னன்னு பார்க்கணும்" என்றாள். விடிகாலைப் பல்லவனில் நானும் தங்கச்சியும் அவளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனோம்.

அங்கே மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இந்தத் தடவை 3 டெஸ்லா கருவி (டெஸ்லா என்பது காந்தத்தின் பலத்துக்கான அளவு), வலிப்புக்கென்றே மெல்லிய துண்டு துண்டாக எடுக்கும் முறை. டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் காட்டினார். மூளையின் மேற்பரப்பை மூடியிருக்கும் சாம்பல் நிறப் புறணி, துணியை மடித்துத் திணித்ததுபோல மடிந்து மடிந்து கிடக்கிறது. மொத்தம் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனம்தான். இடது பக்கம், நெற்றிக்குப் பின்னால், ஒரு மடிப்பின் அடியாழத்தில் அது கொஞ்சம் தடித்திருந்தது. அதற்கும் கீழேயுள்ள வெள்ளைப் பகுதிக்கும் நடுவில் இருக்க வேண்டிய கோடு அந்த இடத்தில் மட்டும் கலங்கியிருந்தது. அங்கிருந்து உள்நோக்கி ஒரு வால் மாதிரி மங்கலாக ஓடியது. டாக்டர் விரலை வைத்துக் காட்டும்வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. காட்டிய பிறகு அது மட்டும்தான் தெரிந்தது. பழைய ஃபிலிமையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துண்டுகள் கனமானவை, அதனால் தப்பிவிட்டது என்று மட்டும் சொன்னார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பெயர் ஃபோகல் கார்ட்டிகல் டிஸ்பிளேசியா. புறணி உருவாகும்போதே ஓரிடத்தில் கோணலாகிவிட்டது என்று அர்த்தம். 1971-இல் டேவிட் டெய்லர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் கூட்டாளிகளும் முதன்முதலில் விவரித்தார்கள். கருவில் மூளைச் செல்கள் உட்புறத்தில் பிறந்து வெளிப்புறத்துக்கு ஏறிவந்து ஆறு அடுக்காக உட்கார வேண்டும். எங்கள் ஊர்ச் சுவருக்குக் கடுக்காய்த் தண்ணீர் சேர்த்த சுண்ணாம்பு, வெள்ளைப் பூச்சு, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு என்று வரிசை மாறாமல் பூசினால்தான் கண்ணாடி மாதிரி நிற்கும். வரிசை தப்பினால் அந்த இடம் மட்டும் பொரிந்து நிற்கும். அப்படித்தான் இதுவும். இந்த மாதிரிப் புறணிக் கோளாறுகளில் வேறு வகைகளும் உண்டு. சிலருக்கு மடிப்புகள் பொடிப்பொடியாக அளவுக்கு மீறி விழுந்திருக்கும். சிலருக்குச் செல்கள் ஏறாமல் பாதி வழியில் திட்டுத் திட்டாக நின்றிருக்கும்.

தங்கச்சி அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "நான் மாசமா இருக்கையில கிரகணத்தன்னைக்கு வெளியே வந்துட்டேன் டாக்டர்." பத்து வருஷமாக அவளுக்குள் இருந்தது அதுதான். டாக்டர் சிரிக்கவில்லை. கரு வளரும்போது ஏதோ ஒரு செல் பிரிகையில், செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எம்-டார் என்ற பாதையின் மரபணுவில் ஒரு எழுத்துப் பிழை விழுகிறது, அந்தச் செல்லின் வாரிசுகள் மட்டும் கோணலாகின்றன, இந்த வகையில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது, அது அம்மா அப்பாவிடமிருந்து வருவதில்லை, அம்மா சாப்பிட்டதாலோ நடந்ததாலோ வருவதுமில்லை என்று நிதானமாகச் சொன்னார். தங்கச்சி தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

நான் கேட்டது வேறு. "இடம் தெரிஞ்சுபோச்சே டாக்டர், எடுத்துட வேண்டியதுதானே?"

அவர் சொன்ன பதிலைக் கேட்டதும் எனக்கு ஆச்சியின் ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்தது. அந்த மடிப்புக்கு ஒரு பக்கம் வலது கையை அசைக்கும் இடம், இன்னொரு பக்கம் பேச்சு. சாதாரண மூளையில் எது எங்கே இருக்கும் என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம், அதுவே ஆளுக்கு ஆள் மாறும். பிறவியிலேயே கோணலான புறணியில் புத்தகத்தை நம்பவே முடியாது. வேலை அந்த இடத்தை விட்டு நகர்ந்து ஓரத்துக்குப் போயிருக்கலாம். அபூர்வமாக மறு பக்கத்துக்கே போயிருக்கலாம். பல பேருக்கு அது எங்கும் நகராமல், கோணலான அந்தத் திசுவுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும். பொறி பறக்கிற வயரிலேயே ஃபிரிட்ஜும் ஓடும்.

இந்த விஷயத்தில் நான் புரிந்துகொண்டதில் முக்கியமானது இதுதான். கெட்ட இடம் என்பது காலி இடம் இல்லை. பொடிமடிப்பு வகையில் கை கால் அசைவு அந்தக் கோணல் புறணிக்குள்ளேயே இருப்பது சகஜம். பலூன் செல் என்று சொல்லும் ஊதிய செல்கள் நிறைந்த டிஸ்பிளேசியாவில் நடுப்பகுதி பெரும்பாலும் எந்த வேலையும் செய்யாது, ஆனால் அதை ஒட்டியே வேலை செய்யும் புறணி நிற்கும். எது எந்த வகை என்பது வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். வெட்டுவதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டும். மிச்சம் வைத்தால் வலிப்பு திரும்பும், அந்தத் திசுவை முழுசாக எடுப்பதுதான் வலிப்பு நிற்பதற்கு முதல் காரணம். கூட எடுத்தால் கையோ பேச்சோ போகும்.

அவளுக்குக் கை என்றால் சும்மா கை இல்லை. காலேஜ் முடித்துவிட்டு வீட்டிலிருந்து கொட்டான் பின்னுகிறாள். பனையோலையைச் சாயம் போட்டுக் கீறி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓட விடுவாள். வேகத்தில் விரல் தெரியாது, ஓலை போவது மட்டும்தான் தெரியும்.

முதலில் வீடியோ இ.இ.ஜி., மூளையின் மின்னலையைப் பதிவுசெய்கிற சோதனை. ஐந்து நாள் வார்டில், தலை முழுக்க வயர், மேலே கேமரா. மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வருவதற்காகக் காத்திருந்தோம். பத்து வருஷமாக வரக்கூடாது என்று வேண்டிய தங்கச்சி, "கொப்புடையம்மா, இன்னைக்கு ஒண்ணு வரட்டும்" என்று முணுமுணுத்ததை நான் கேட்டேன். முதல் நாள் அலைகள் எல்லாம் ஒரே சீராகக் கொரகொரவென்று ஓடின. டெக்னீஷியன் பையன் வந்து பார்த்துவிட்டு, "யாராச்சும் கட்டில் பக்கத்துல சார்ஜர் போட்டிருக்கீங்களா?" என்றான். என்னுடையதுதான். நம் வீட்டுக் கரண்ட் விநாடிக்கு 50 தடவை போய்த் திரும்பி வருகிறது, 50 ஹெர்ட்ஸ். மூளையின் அலை வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான் வரும், அதை எடுக்கிற கருவிக்கு என் சார்ஜர் கோயில் மைக்செட் மாதிரி. எர்த்திங் பற்றி ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவன் நான், வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. வேலை செய்கிற இடத்துக்கு ரத்தம் கூடுதலாக ஓடும், ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் காந்தத்துக்கு வேறுவேறாகத் தெரியும் என்பதை 1990-இல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி காட்டினார். அதை வைத்துத்தான் இந்த முறையே. ரத்தம் கூடுவதற்கு ஐந்தாறு விநாடி பிடிக்கும். எந்த அறையில் விருந்தாளி இருக்கிறார் என்பதை அடுப்படியிலிருந்து காபி எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்வது போல. குழாய்க்குள் படுத்துக்கொண்டு வலது கைக் கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும், நிறுத்த வேண்டும், மறுபடி தொட வேண்டும். பேச்சுக்கு, காட்டுகிற சொல்லுக்கு ஒரு செயலை மனசுக்குள் சொல்ல வேண்டும். கத்தி என்றால் வெட்டு, சோறு என்றால் தின்னு. வாயை அசைத்தால் படம் கலங்கிவிடும். "வெட்டு, தின்னு, தூங்குன்னு நானே எனக்கு வேலை ஏவிக்கிட்டு கெடந்தேன் மாமா" என்றாள் வெளியே வந்து.

படத்தில் பேச்சு இடது பக்கம்தான் என்று தெளிவாகத் தெரிந்தது. வலக்கைக்காரர்களில் 100-க்கு 95 பேருக்கு அப்படித்தான் இருக்கும். அது குழப்பமாக இருந்திருந்தால் கழுத்து ரத்தக்குழாய் வழியாக மருந்து விட்டு ஒரு பக்க மூளையைச் சில நிமிஷம் தூங்கவைத்துப் பேசச் சொல்லிப் பார்ப்பார்களாம். ஜூன் வாடா என்பவர் 1949-இல் கொண்டுவந்த சோதனை. பாதி வீட்டுக்கு மெயினை அணைத்துப் பார்ப்பது. அவளுக்கு அது தேவைப்படவில்லை.

கை அசைவின் வண்ணத் திட்டு அந்த மடிப்பின் ஓரத்தை லேசாக மூடியிருந்தது. மூடியிருக்கிறதா, தொட்டு நிற்கிறதா என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இன்னொன்றும் சொன்னார்: இந்தப் படம் ஒரு வேலையில் யார் யார் கலந்துகொள்கிறார்கள் என்று காட்டும், யார் இல்லாவிட்டால் வேலை நிற்கும் என்று காட்டாது. சட்டென்று எனக்குப் புரிந்தது. என் பையில் கிளாம்ப் மீட்டர் இருக்கிறது. வயரைச் சுற்றிப் பிடித்தால் கரண்ட் ஓடுகிறதா என்று சொல்லும். எது அணையும் என்று தெரிய வேண்டுமானால் ஃபியூஸைத்தான் உருவ வேண்டும். டாக்டரிடம் இதைச் சொன்னேன். "கிட்டத்தட்ட அதேதான், அடுத்து நாங்க ஃபியூஸ்தான் உருவப்போறோம்" என்றார்.

அதற்கு முன்னால் அட்டைகள். பேச்சுப் பயிற்சியாளர் அம்மா ஒருவர், ஒரு கட்டுப் படங்களோடு வந்தார். சோதனை நேரத்தில் படத்தைப் பார்த்ததும் பேர் சொல்ல வேண்டும், சொல்ல வராவிட்டால் அந்த இடம் பேச்சுக்குரியது என்று அர்த்தம். அதனால் சாதாரணமாக இருக்கும்போதே அவளுக்குச் சந்தேகமில்லாமல் வருகிற படங்களை மட்டும் முதலில் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். பனிச்சறுக்கு வண்டிப் படத்தைப் பார்த்து, "இது என்ன, சக்கரம் கழண்ட கட்டில் மாதிரி இருக்கு" என்றாள். அந்த அட்டை போய்விட்டது. ஒரு கூடை வந்தது. "கொட்டான்" என்றாள். அந்த அம்மா சேலம் பக்கம். தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தப்பு என்று குறிக்கப் போனார். தங்கச்சி எழுந்துவிட்டாள். "அது கொட்டான்தாம்மா. எங்க ஊர்ல அதுக்கு அதான் பேரு. இவ பின்றதே அதத்தான்." பேனா நின்றது. தாளில் 'கூடை' என்பதற்குப் பக்கத்தில் 'கொட்டான்' என்று எழுதிக்கொண்டார். அப்புறம் கட்டு முழுவதையும் தங்கச்சியோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தார். ஒன்பது அட்டையில் பேர் மாறியது. அன்றைக்கு அந்தப் பேனா நிற்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன். தேர்வு எழுதுகிறவளின் தமிழில்தான் கேள்வித்தாள் இருக்க வேண்டும். மூளையில் கத்தி வைக்கப்போகிற தேர்வில் அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஃபியூஸ் உருவுகிற வேலைக்குப் பெயர் எஸ்.இ.இ.ஜி. பாரிசில் தலைராக், பாங்கோ என்ற இரண்டு பேர் 1950-களின் கடைசியில் தொடங்கிய முறை. மண்டையில் ஊசித்துளை போட்டு உள்ளே மெல்லிய மின்முனைகளை இறக்குகிறார்கள். ஈர்க்குச்சி கனம்கூட இல்லை, 0.8 மில்லிமீட்டர். ஒவ்வொன்றிலும் 2 மில்லிமீட்டர் நீளத்தில் வரிசையாகப் பல தொடுமுனைகள், நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. அவளுக்குப் பத்து குச்சி. வலிப்பு எந்த முனையில் கிளம்புகிறது என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஜோடி முனைக்கும் சின்னக் கரண்ட் கொடுத்து, அந்த இடத்தைச் சில விநாடி குழப்பிப் பார்ப்பது. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது, அதனால் கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே நடக்கும்.

எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்டேன். "50" என்றார்கள். நம் வீட்டு மெயினுக்கும் அதே 50. அங்கே 230 வோல்ட், இங்கே ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர்.

அன்றைக்கு ஓரமாக நிற்க என்னை அனுமதித்தார்கள். தமிழ் மாதங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள். "சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி..." நின்றுவிட்டது. கண் எங்களைப் பார்க்கிறது. உதடு இருக்கிறது, ஆவணி இல்லை. நாலு விநாடி. அங்கே அப்படி ஓர் அமைதி. கரண்ட் நின்றதும், "ஆவணி, புரட்டாசி" என்று ஓடியது. "தெரிஞ்சுது, வாய்க்கு வரல" என்றாள். உடனே அதே இடத்தில் மறுபடி, இந்தத் தடவை நாக்கை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லிப் பார்த்தார்கள். நாக்கு ஆடியது. அப்படியானால் நின்றது நாக்கு இல்லை, பேச்சுதான் என்று ஒருவர் குறித்துக்கொண்டார். என் பையன் "ஃபேன் போச்சு" என்று கத்தினால், ஃபேன் போச்சா ரெகுலேட்டர் போச்சா என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. இனிமேல் கேட்க வேண்டும்.

கைக்கு அவளே ஒரு வழி சொன்னாள். "விரலத் தட்டுறதவிட ஓலை குடுங்க, அதுல தப்பு வந்தா எனக்கே தெரியும்." தங்கச்சியின் பையில் பாதி பின்னிய கொட்டான் இருந்தது. தலை முழுக்கக் கட்டு, கட்டுக்குள்ளிருந்து வயர், மடியில் சிவப்பும் பச்சையுமாக ஓலை. பின்னிக்கொண்டே இருந்தாள். மடிப்பின் ஆழத்திலிருந்த முனைகளுக்குக் கரண்ட் கொடுத்தபோது ஓலை நிற்கவில்லை. ஆனால் ஒரு முனையில், "விரல் மரத்துப்போவுது, வலிப்பு வர்றதுக்கு முன்ன வர்ற மாதிரியே" என்றாள். திரையில் அலை கூர்மையாக எழும்பியது, எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள், அடங்கியது. வலிப்பின் விதை அங்கேதான். அடுத்த முனைக்கு வந்ததும் கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கி ஓலை நழுவியது.

ஒரு முனைக்கும் அடுத்ததற்கும் நடு மூன்றரை மில்லிமீட்டர். ஓர் உளுந்தின் நீளம்கூட இல்லை. அந்தப் பக்கம் வலிப்பு, இந்தப் பக்கம் கட்டைவிரல்.

எங்களுக்கு எதிர் அறையில் ஒரு பையன் இருந்தான். அவனுக்குப் பொடிமடிப்பு வகை. அவனுக்கு வலிப்பு கிளம்புகிற முனைகளிலேயே கையும் அசைந்தது. எடுக்க வேண்டாம் என்று சொல்லி, மருந்தை மாற்றிக் கொடுத்து அனுப்பினார்கள். அவனுடைய அப்பா லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது என்னிடம், "இத்தனையும் செஞ்சுட்டு ஒண்ணும் செய்யலன்னு சொல்லிட்டாங்க" என்றார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. நறுக்கிய பிறகு மறுநாள் காலையில் தெரிவதைவிட, நறுக்குவதற்கு முன்னால் தெரிவது எவ்வளவோ மேல். அதை லிஃப்டுக்கு முன்னால் ஒரு அப்பாவிடம் சொல்ல முடியாது.

இந்த வேலைக்கெல்லாம் தகப்பன் ஒருவர் மான்ட்ரியலில் இருந்திருக்கிறார், வில்டர் பென்ஃபீல்ட். விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையைத் தொட்டுத் தொட்டுக் கேட்டு 1937-இல் கை, கால், உதடு, நாக்கு என்று படம் போட்டவர். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கி, 1952-இல் அங்கேயே வலிப்புக்கு ஆபரேஷன் செய்தார். நம் மாநிலத்தில் எழுபது வருஷத்துக்கு மேலாக நடக்கிற வேலை. இருந்தும் எங்கள் தெருவில் இன்றைக்கும் சாவியைத்தான் தேடுகிறார்கள்.

ஆபரேஷன் ஆறு மணி நேரம். மடிப்பின் அடியையும் உள்நோக்கிய வாலையும் எடுத்தார்கள், கட்டைவிரல் பக்கத்துச் சுவரை விட்டுவிட்டார்கள். எடுத்ததில் பலூன் செல்கள் இருந்தன என்று ரிப்போர்ட் வந்தது. முதல் மூன்று வாரம் வலது கை சோர்ந்து கிடந்தது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. வீக்கம் வடிந்தால் சரியாகும் என்றார்கள். அந்த மூன்று வாரமும் மாப்பிள்ளை என்னிடம் பேசவில்லை, சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தானே. நாலாவது வாரம் கை திரும்பியது. முதலில் பின்னிய கொட்டான் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. தங்கச்சி அதைத்தான் விபூதி வைக்கச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

பதினான்கு மாதம் ஆகிறது, வலிப்பு வரவில்லை. மாத்திரை ஓடுகிறது. இந்த வகையில் 10 பேரில் ஆறேழு பேருக்கு நிற்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். தீர்ந்துவிட்டது என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை, நாங்களும் கேட்பதில்லை.

ஒரு வருஷம் முடிந்ததும் மறுபரிசோதனைக்குப் போனோம். அதே அட்டைக் கட்டு, ஆனால் வேறொரு பெண், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். குடை, பல்லி, நாற்காலி என்று மளமளவென்று போய்க்கொண்டிருந்தது. அந்தப் படம் வந்தது. "கூடை" என்றாள்.

தங்கச்சியின் முகம் வெளுத்துவிட்டது. என் கையை இறுகப் பிடித்தாள். "அண்ணே, கூடைங்குறாண்ணே." எனக்கும் வயிற்றில் ஏதோ கழன்றது. பின்னுகிற சாமானின் பேரையே மறந்துவிட்டாளா, எந்த முனையை எடுத்துத் தொலைத்தார்கள்?

அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள். "அம்மா, அவங்க தாள்ல கூடைன்னுதான் போட்டிருக்கும். மறுபடி உன்னை எந்திரிக்க விட்டா பஸ்ஸப் பிடிக்க முடியாது. கொட்டான்னு எழுதிக்கங்க மேடம்."